இரண வைத்தியம் தந்த கிறீன்

திருநெல்வேலிச் சந்தையடியிற் காலை வேளையில் நிற்பவர் இருவகைக் கூட்டத்தைக் காண்பர். செம்மண் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் கத்தரிக்காயும் கொணரும் கமக்காரர் ஒரு கூட்டம். பல்கலைக்கழகத்தை நோக்கி விரையும் மாணவர் மற்றொரு கூட்டம். வயது முதிர்ந்த கமக்காரர் சுமையை இறக்கிவைத்து நிமிரும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டே நிமிர்வர். இளமையில் துலா மிதித்தும், பாத்திகளிற் குந்தியிருந்து களை பிடுங்கியும் தேய்ந்த முழங்கால் அது. அவரைக் கடந்து செல்லும் மாணவருள் ஒருவரேனும் அம்முழங்காலின் உள்ளமைப்பை அன்றைய பாடமாகக் கற்கச் செல்பவராயிருத்தல் கூடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டிலே தொடங்கியது. அங்கே மருத்துவம் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றது. அதிலே வியப்பொன்றுமில்லை, இலங்கை முழுவதிலும் அதுவே வழக்கம். வியக்கத்தக்கது வேறொன்று. திருநெல்வேலிக்குச் சில மைல் மேற்கே, மானிப்பாயிலே, அதற்கு நூற்றுப்பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அதே முழங்காலின் என்பும் நாரும் நரம்பும் தமிழிலே கற்பிக்கப்பட்டன. சத்திரமிடும் முறைகளும் தமிழிலேயே விளக்கப்பட்டன. அதற்கான பாடநூல்கள் தமிழில் அச்சேறின. அவற்றை ஆக்குவித்தவர் தமிழரல்லர். கடல் கடந்து வந்த அமெரிக்கர் ஒருவர். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மானிப்பாயில் உள்ள வைத்தியசாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதால், கிறீன் என்ற சொல் யாழ்ப்பாணத்தார் செவிக்குப் புதிதன்று. ஆயினும் பெயரை அறிந்தோர் தொகைக்கு அவர் செய்ததை அறிந்தோர் தொகை ஈடாகாது. கவிஞர் அம்பி 1967இல் எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூல் அக்குறையைப் பெரிதும் போக்கியது. அந்நூலையும் இன்று தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கின்றது.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். குன்றின்மேல் அமைந்த பெரிய பண்ணைவீடு. பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம். தந்தையார் சட்டம் படித்தவர். குலத்திலோ வைத்தியர் பலர் இருந்தனர். அவருக்கு இரண்டாண்டு மூத்த சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பின்னாளிலே நியூயோர்க் நகரின் பெரும் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 1898இல் அந்நகரின் பல பகுதிகள் ஒன்றாக இணைந்தமைக்கும் அவரே முதற் காரணர். உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் உலகறிந்த மாநகரத்துக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். மற்றவர் பனைகள் சூழ்ந்த ஒரு கிராமத்துக்குக் கொடுத்தார். எவர் செய்தது பெரிது என்று வழக்காடுவது நம் வேலையன்று.

இளைய கிறீன் நியூயோர்க்கில் உள்ள வைத்தியர் சத்திரவைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி, வூஸ்ரருக்கு அணித்தாயுள்ள பொஸ்ரன் நகர வைத்தியசாலையிலே, ஈதர் ஆவியை நுகரச் செய்து நோயாளியை மயக்கி, அவர் கழுத்திலிருந்த கட்டியொன்றைச் சத்திரவைத்தியர் வெட்டினர். பலர் கூடியிருந்து பார்க்க நடந்த அச்சிகிச்சையோடு, கட்டிலோடு கட்டி, பலர் பிடித்து அமுக்க, அலறும் நோயாளியை அறுக்கும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்நிகழ்ச்சி நடந்து ஆறு மாதம் கழித்து, 1847 ஏப்ரிலில், கிறீன் அதே பொஸ்ரன் துறைமுகத்திலே கப்பலேறினார். சத்திரவைத்தியத்தின் பழைய யுகம் முடிந்து புதிய யுகம் தொடங்கும் வாயிலிலே நின்றுதான் அவர் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். நோவை அடக்கும் வழி அவர் காலத்தில் வந்துவிட்டது. புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் வழியோ இன்னும் வரவில்லை.

சென்னை வழியாக அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்க மிசனைச் சார்ந்த வைத்தியர் இங்கு வருவது அதுவே முதன்முறையன்று. பண்டத்தரிப்பிலே ஜோன் ஸ்கடர் என்பவர் 1820 முதல் வைத்தியஞ் செய்தார். அவர் தமிழ்நாட்டுக்குச் சென்றபின் வட்டுக்கோட்டையிலே நேதன் வாட் என்பவர் பணிபுரிந்தார். அவ்விடத்துக்கே கிறீன் அனுப்பப்பட்டார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர், 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். வந்த காலத்திலேயே இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மேலைநாட்டு வைத்தியம் கற்பிக்கவுந் தொடங்கினார். இலங்கையிலே கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேதான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னே, கல்லூரி என்ற பெயரோ கட்டடமோ இல்லாத ஒரு மருத்துவப் பள்ளி மானிப்பாயில் நடந்தது.

ஆரம்பத்திற் பாடம் நடந்தது ஆங்கிலத்திலே. வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்த இளைஞருக்கு ஆங்கிலம் நன்கு தெரியும். ஆதலால் இடையூறு இல்லை. ஆனால் கிறீன் அதனோடு மனநிறைவு கொள்ளவில்லை. ஆங்கிலத்திற் கற்ற இளைஞர் நல்ல சம்பளத்தைத் தேடி அரசாங்க உத்தியோகத்துக்கும் வேற்றூருக்கும் சென்றுவிடுவதை அவர் கண்டார். நோயாளியோ கிராமத்திலே கிடந்தான். தமிழிற் கற்ற வைத்தியன் தமிழ்க் கிராமத்தை விட்டுப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு. மொழிப்பற்றிலிருந்து எழுந்த முடிவு என்று இதனைப் புகழ்வோர் உளர். என் கருத்தில் இது முதலாவதாக ஒரு வைத்தியரின் முடிவு. மொழிமீது பற்று பின்னர் அதிலிருந்தே வளர்ந்தது. மிசன் தலைவர்களும் அக்காலத்தில் சுதேச மொழிக் கல்வியின் பக்கம் திரும்பியிருந்தனர். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. அக்காற்று கிறீனின் பாய்க்கும் உதவியது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

பாடம் தமிழில் நடக்கவேண்டுமாயின் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் தமிழை நன்றாகக் கற்றார். தம் மாணவரையும் உதவியாளரையும் கொண்டு மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்கினார். எவார்ட்ஸ், டான்போர்த், சாப்மன், போல் என்று அவர்களிற் சிலரின் பெயர்கள் மேலைநாட்டார் பெயர்கள் போலத் தோன்றினும், அவர்களெல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழரே; மிசன் பாடசாலையிற் பெற்ற பெயர்கள் அவை. ஒரு கருத்துக்குச் சொல் தேடும்போது முதலிலே தமிழில் உள்ளதா என்று பார்ப்பது. இல்லையெனில் வடமொழியை நாடுவது. அங்கும் பொருந்துவது கிடையாதெனில் மேலைநாட்டுச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது. இதுவே அவர் வகுத்த முறை. பிற்காலத்திற் சொல்லாக்கக் குழுக்கள் கூடிக் கூடி எட்டிய முடிவும் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது.

1857இல் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று துறைகளையும் அடக்கிய நூல் வெளிவந்தது. உடலமைப்பும், உடற்றொழிலும், நலம் பேணலும் பற்றியது அது. பிரசவ வைத்தியமும் அவ்வாண்டிலேயே வந்தது. பத்தாண்டு உழைப்பினால் உடல்நலங் குன்றிய கிறீன் அவ்வாண்டு தாயகம் திரும்பினார். 1862இல் திருமணஞ் செய்துகொண்டு மனைவியோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். இரண்டாம் முறை வந்தபின்னரே தமிழ்மூல வகுப்பு முறையாக நடந்தது. அரசாங்கமும் மாணவர் சிலருக்குப் பொருளுதவி செய்தது. இக்காலத்துக்குரிய பெருநூலே 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’.

ஆங்கில நாட்டு வைத்தியர் றொபேட் துறூவிற் 1839இல் எழுதிய கைந்நூலைத் தழுவியது அது. மூலநூல் மேலைநாட்டு மாணவரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றுப் பல பதிப்புக் கண்டது. காயம், முறிவு, மூட்டு விலகல், கட்டி, அவயவம் வெட்டல் என்று சத்திரவைத்தியன் கையாளவேண்டிய யாவும் அதிற் கூறப்பட்டிருந்தன. மூட்டு நோய்களுக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டிருந்தது. மூட்டு நோய் என்றால் பெரும்பாலும் முழங்கால் என்றே பொருள்.

முழங்கால் ஏன் இவ்வளவு இடர் தரும் மூட்டாயிற்று என்பதைச் சற்று நின்று பார்ப்போம். உடலின் மிக நீண்ட என்புகள் இரண்டு அங்கே சந்திக்கின்றன. தொடையென்பின் முனை உருண்டது. கீழ்க்கால் என்பின் தலையோ ஏறக்குறையத் தட்டையானது. உருண்டதைத் தட்டையின்மேல் நிறுத்தி, உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றி, நடக்கவும் குந்தவும் மரமேறவும் செய்வது எளிதன்று. அந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்யவே இரு என்புகளுக்கும் இடையிற் பிறைவடிவான இரு தகடுகள் உள்ளன. என்பு முனைகளின்மேலும் வழுவழுப்பான ஒரு பூச்சு உண்டு. நாம் கசியிழையம் என்றும் தமிழ்நாட்டார் குருத்தெலும்பு என்றும் கூறும் பொருள் இதுவே. இதன் தன்மை விசித்திரமானது. என்பு முனையைப் போர்த்திருக்கும் கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவு. நரம்பில்லாமையால் தேயத் தொடங்கும்போது அது நோவதில்லை. நோவு தெரியும்போது தேய்வு முற்றியிருக்கும். இரத்தமில்லாமையால் உடைந்தால் தானாக முன்போற் பொருந்துவதுமில்லை. இலண்டனில் வில்லியம் ஹன்ரர் என்னும் வைத்தியர் 1743இலேயே இதனை ஆராய்ந்து, அழிந்த கசியிழையம் மீளாது என்று முடிவு கூறினார். முற்றிய வடிவிற் பழையபடி அது வளர்வதில்லை என்பது இன்றும் உண்மையே.

பிறைத்தகட்டின் செய்தி சிறிது வேறு. அதன் வெளிவிளிம்புக்கு மாத்திரம் இரத்தம் பாய்கின்றது. ஆதலால் விளிம்பிற் கிழிந்தது தைத்தாற் பொருந்தக்கூடும். உட்பகுதியிற் கிழிந்தது பெரும்பாலும் பொருந்தாது. கிழிந்த துண்டு என்புகளுக்கு இடையே மடங்கிச் சிக்கினால், கால் நீட்டவியலாது பூட்டிட்டாற்போல் நின்றுவிடும். இந்நிலையை லீட்ஸ் நகரத்து வில்லியம் ஹே என்பவர் 1803இல் விளக்கிக் கூறி, காலை மடக்கி நீட்டிச் சிக்கலை விடுவிக்கும் வழியையும் காட்டினார். நம் நாட்டு முறிவு நெரிவு வைத்தியரின் கைகளும் ஹேயைப் படியாமலே இத்தகைய பூட்டு விடுவித்தல்களைச் செய்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. கிறீனுக்கோ நாட்டு வைத்தியத்தின்மீது மதிப்பு அதிகம் இருந்ததாகக் கூறவியலாது. இந்த ஓரிடத்தில் அவர் இன்னும் சற்றுக் கண்திறந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றுகின்றது.

கிறீன் காலத்து வைத்தியன் முழங்காலைச் சோதிக்கக் கண்ணும் கையுமே கருவிகள். இரு முழங்கால்களையும் ஒருங்கே வெளிப்படுத்தி ஒன்றோடொன்றை ஒப்பிடவேண்டும். புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவேண்டும். சில்லை அமுக்கினால் அது நீரின்மேல் மிதப்பதுபோல் அசைந்து அடியிலுள்ள என்பில் தட்டுகின்றதா என்று அறியவேண்டும். தட்டினால் உள்ளே நீர் கோத்திருக்கின்றது என்பது பொருள். விரல்நுனியால் எவ்விடத்தில் நோவு என்று தேடவேண்டும். உள்ளே ஏதேனும் துண்டு உருண்டு திரிகின்றதா, கால் எப்போது பூட்டிக்கொள்கின்றது, எந்தத் திசையிற் கால் முறுகியபோது நோவு தொடங்கியது என்று பொறுமையாக விசாரிக்கவேண்டும். இத்தகைய விசாரணையை நோயாளியின் மொழியிலன்றி எம்மொழியிலே செய்வது? குத்துகின்றதா, கடுக்கின்றதா, உளைகின்றதா என்ற வேறுபாடு தமிழ் நோயாளிக்குத் தெரியும், வைத்தியனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். கிறீன் தமிழை வற்புறுத்தியதன் நியாயம் இவ்விடத்திலே தெளிவாகின்றது.

சோதனை முடிந்தபின் செய்யக்கூடியதோ கொஞ்சம். ஓய்வு, மட்டை வைத்துக் கட்டல், ஒற்றடம், அட்டை விடல், கொப்புளமெழுப்பும் பூச்சு. இவற்றுக்கு அடங்காதவிடத்துச் சத்திரவைத்தியன் பெரிதும் தயங்கினான். ஏனெனில் முழங்கால் மூட்டைத் திறந்தால் காற்றுப்பட்டுச் சீழ்க்கட்டும், சீழ்க்கட்டினால் காய்ச்சல், காய்ச்சலின் முடிவு பெரும்பாலும் மரணம். மூட்டினுட் பாய்ந்த காயத்துக்குத் தொடையோடு காலை வெட்டிவிடுவதே உயிர் காக்கும் வழி என்று வைத்தியர் பலர் கொண்டிருந்தனர். முழங்காலில் வெண்வீக்கம் என அக்காலத்தார் அழைத்தது பெரும்பாலும் மூட்டைப் பற்றிய கசநோய். அதற்கும் இறுதி மருந்து வாளே. லிவர்பூலில் ஹென்றி பார்க் என்பவர் 1781இல் ஒரு மாலுமியின் முழங்கால் மூட்டை மட்டும் அறுத்தெடுத்துக் காலைக் காப்பாற்றினார். அது பின்பற்றுவோர் அஞ்சிய அருஞ்செயலாகவே நெடுங்காலம் இருந்தது.

இங்கேதான் காலம் கிறீனோடு விளையாடியது. ‘இரண வைத்தியம்’ மானிப்பாயில் வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டிலே, கிளாஸ்கோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோசப் லிஸ்ரர், ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழிலே சில கட்டுரைகளை எழுதினார். புண் சீழ்ப்பிடிப்பது காற்றினாலன்று, காற்றிலும் கையிலும் கருவியிலும் உள்ள நுண்ணுயிர்களாலே. காபோலிக் அமிலத்தால் அவற்றைக் கொன்றால் புண் சீழின்றி ஆறும் என்பது அவர் கண்டது. 1865இல் வண்டி ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனிடம் அவர் அதனை முதலிற் கையாண்டிருந்தார். கிறீனும் அவர் மாணவரும் ஆண்டுக்கணக்காக உழைத்து மொழிபெயர்த்த நூலுக்குள் இப்புது முறை புகுந்திருக்க வழியில்லை. அவர்கள் கையாண்ட மூலம் அதற்கு முந்தியது. தமிழில் முதன்முதலாக எழுந்த மேலைச் சத்திரவைத்தியப் பெருநூல், பிறந்த ஆண்டிலேயே பழையதாகத் தொடங்கியது. இது கிறீனின் குற்றமன்று. மொழிபெயர்ப்பாளன் ஓடும் ஆற்றிலே நீர் மொள்பவன்.

லிஸ்ரர் திறந்த வாயில் வழியாகப் பிறர் விரைந்து சென்றனர். அவரே 1877இல் இலண்டனிலே ஒருவரின் முழங்காற் சில்லு முறிவைக் கம்பியாற் பிணைத்தார். நலமாயிருந்த மூட்டொன்றை வைத்தியன் வேண்டுமென்றே திறப்பது அதுவரை நினைக்கவும் அஞ்சிய செயல். எடின்பரோவிலே லிஸ்ரரின் ஆசிரிய இடத்துக்கு வந்த தோமஸ் அனன்டேல், 1883 நவம்பரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, இடம்பெயர்ந்த பிறைத்தகட்டை நூலால் உரிய இடத்திலே தைத்துப் பொருத்தினார். பிறைத்தகட்டைத் தைத்த முதற் சிகிச்சை அதுவே. கிறீன் இறந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த இறுதி ஆண்டுகள் ஓய்வின்றிக் கழிந்தன. 1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டை அலைத்தபோது அவரும் அவர் மாணவரும் ஊரூராகச் சென்று மருந்து கொடுத்தனர். யாழ்ப்பாண நகரிலே ஏசண்டர் டைக் துரையின் முயற்சியால் 1850இலே தொடங்கிய வைத்தியசாலைக்கும் கிறீன் பயிற்றிய வைத்தியர் பயன்பட்டனர். அதுவே பின்னாளில் அரசாங்கத்திடம் சென்று வளர்ந்து இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாயிற்று. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. கிறே என்பவரின் புகழ்பெற்ற உடலமைப்பு நூலின் தமிழாக்கம் அது. மூலநூல் இலண்டனில் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘வைத்தியாகரம்’ என்னும் பொது வைத்திய நூலும் அவ்வாண்டுக்குரியது.

மாணவரிடம் அவர் கொண்டிருந்த அன்பு கண்டிப்போடு கலந்தது. அவர்கள் மேலைநாட்டு உடை உடுத்துவதையும் தம் ஊர்ப் பழக்கத்தைக் கைவிடுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டியும் சால்வையும் தரித்த தமிழ் வைத்தியனே அவர் காண விழைந்த உருவம். கிறித்தவம் பரப்பவே வந்தவர் அவர். அந்நோக்கத்தை ஒருபோதும் மறைத்தவருமல்லர். ஆனால் கிறித்தவனாவதற்கு ஆங்கிலேயனாகவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. மாணவரோ எல்லாரும் அவர் வழியை உவந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோல். தமிழிற் கற்ற வைத்தியனுக்குக் கொழும்பிலே மதிப்பில்லை. பிள்ளையின் வருங்காலத்தை எண்ணும் பெற்றோரும் ஆங்கிலத்தையே நாடினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கிராமத்துக்கு எது நல்லதென்று கிறீன் பார்த்தார். தன் மகனுக்கு எது நல்லதென்று தந்தை பார்த்தான். இரண்டு பார்வையும் நேர்மையானவையே. 1870இல் கொழும்பிலே மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியபின் வழக்கு முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

1873இல் நலிந்த உடலோடு கிறீன் தாயகம் மீண்டார். இங்கிருந்த காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட இளைஞரை வைத்தியராக்கியிருந்தார். அவர்களுட் பாதியளவினர் தமிழிற் கற்றவர். திரும்பி வரும் ஆசை அவரை விட்டு நீங்கவில்லை, உடல் இடங்கொடுக்கவில்லை. எனினும் வேலை நிற்கவில்லை. வூஸ்ரரிலுள்ள தந்தையின் குன்றின்மேல் இருந்துகொண்டே தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தினார். 1875இலே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலும், மருத்துவச் சொற்களின் தொகுதியும் வெளிவந்தன. 1883இலே ‘மனுஷ சுகரணம்’ வந்தது. சில நூல்கள் மானிப்பாயிலும் சில நாகர்கோவிலிலும் அச்சாயின. பனி பெய்யும் நாட்டிலே, தமிழ் பேச ஒருவரும் அயலில் இல்லாத வீட்டிலே, நாளங்களையும் நரம்புகளையும் பற்றிய தமிழ் வாக்கியங்களை ஒருவர் பத்தாண்டு காலம் எழுத்தெழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லா நூல்களின் பக்கங்களையும் கூட்டினால் நாலாயிரத்துக்கு மேற்செல்லும்.

1884 மே 28ஆந் திகதி அவர் இறந்தார். வயது அறுபத்தொன்று. தம் கல்லறையில் என்ன பொறிக்கவேண்டுமென்று அவரே கூறியிருந்தார். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்ற குறிப்பு, தம் ஆண்டவர் பெயர் கொண்ட ஒரு சிறு வரி, அவ்வளவே. அமெரிக்க மண்ணிலுள்ள அக்கல்லிலே தமிழர் பெயர் இடம்பெற்றிருக்கின்றது. அவர் வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் தொகுத்து எபினேசர் கட்லர் என்பவர் 1891இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வீடிருந்த குன்று 1905இலே நகர மக்களுக்குரிய பூங்காவாயிற்று.

முழங்காலின் கதை அவருக்குப் பின்னும் நெடுந்தூரம் சென்றது. 1895இல் றொன்ற்ஜன் கண்ட கதிர் என்பைக் காட்டியது. கசியிழையத்தை அது காட்டவில்லை. ரோக்கியோவில் கென்ஜி ரக்காகி 1918இலே சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயைப் பிணமொன்றின் முழங்காலுட் செலுத்தி உள்ளே நோக்கினார். அவர் மாணவர் மசாக்கி வற்றனபே அக்கருவியைத் திருத்தி, 1962இல் அதன் துணையோடு கிழிந்த பிறைத்தகட்டின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். அதற்கு முன்னெல்லாம் கிழிந்த தகட்டை முழுவதுமாக எடுத்துவிடுவதே வழக்கம். அது பயனற்ற உறுப்பு என்றுங் கருதினர். 1948இல் பெயர்பாங்க் என்னும் ஆங்கில வைத்தியர், தகடு எடுக்கப்பட்ட முழங்கால்களின் கதிர்ப்படங்களை ஆராய்ந்து, அவற்றில் தேய்வின் அடையாளங்கள் தோன்றுவதைக் காட்டினார். வெட்டியெடுப்பதில் மகிழ்ந்த கைகள் அதன்பின் சிறிது சிறிதாகத் தயங்கத் தொடங்கின. இக்காலத்தில் காந்தப் படம் கசியிழையத்தையும் தகட்டையும் தோலைத் திறவாமலே காட்டுகின்றது. தைக்கக்கூடியதைத் தைப்பர், தைக்கவியலாத துண்டை மட்டும் அகற்றுவர். பூச்சு உடைந்த இடத்தில் அடியிலுள்ள என்பை நுண்ணிதாகத் துளைத்து இரத்தத்தை வரவழைப்பர்; அங்கே வளர்வது பழைய கசியிழையமன்று, அதனினும் தரங்குறைந்த ஒரு தழும்பு. சுவீடன் நாட்டார் 1994இல் நோயாளியின் சொந்தக் கசியிழையக் கலங்களையே வெளியில் வளர்த்து மீண்டும் நட்ட செய்தியை அறிவித்தனர். முற்றாய்த் தேய்ந்ததற்கு உலோகமும் பிளாஸ்ரிக்கும் கொண்ட செயற்கை மூட்டு உண்டு. ஆனால் துண்டு சிக்கிப் பூட்டாத, வயதினால் தேய்ந்த முழங்காலைக் குழாய் விட்டுக் கழுவுவதாற் பெரும்பயன் இல்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அத்தகையோருக்கு முதலிற் கூறப்படுவது தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் உடற்பாரங் குறைத்தலுமே. நம் கமக்காரர் பலர் இவ்வகையினரே.

இவற்றையெல்லாம் கூறும்போது நான் கையாளும் சொற்களை எண்ணிப் பார்க்கின்றேன். கிறீன் ஆக்கிய சொற்களில் எத்தனை நிலைத்தன? இரண வைத்தியம் என்பதைச் சத்திரசிகிச்சை என்பது வென்றுவிட்டது. அங்காதிபாதம் உடலமைப்பியலுக்கும், சுகரணம் உடற்றொழிலியலுக்கும், கெமிஸ்தம் இரசாயனவியலுக்கும் இடங்கொடுத்து விலகின. இலங்கைப் பாடசாலைகளிலே தாய்மொழிக் கல்வி வந்து, உயிரியலைத் தமிழில் எழுதவேண்டிய காலம் வந்தபோது, புதிய குழுக்கள் புதிய சொற்களை ஆக்கின. மாணவர் உயர்தர வகுப்புவரை கசியிழையம் என்று படித்து, பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததும் அச்சொல்லைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். பின்னர் வைத்தியராகி, விடுதியிலே கட்டிலருகில் நின்று, வயோதிபக் கமக்காரர் ஒருவருக்கு அவர் முழங்காலுக்குள் நடந்தது என்ன என்று விளக்கும்போது மீண்டும் தமிழ்ச் சொல்லைத் தேடுகின்றனர். சவ்வு தேய்ந்துவிட்டது ஐயா என்கின்றார் ஒருவர்; எலும்புக்கு இடையிலுள்ள மெத்தை கிழிந்துவிட்டது அப்பு என்கின்றார் மற்றொருவர். கேட்பவர் தலையை அசைத்துவிட்டு, முழங்காலைக் கையாற் பிடித்துக்கொண்டு எழுகின்றார்.